உர்மியா ஏரி: மிச்சம் பிடித்த தண்ணீர் எங்கே போகிறது?

ஈரானின் வடமேற்கில் இருக்கும் உர்மியாவைப் பழைய வரைபடத்தை நம்பிப் பார்க்கப் போகிறவர்கள் ஏமாறும் இடம் ஷரஃப்கானே படகுத்துறை. துறை இருக்கிறது, எதிரே வெறும் உப்புத்தரை. மிதிக்கும்போது மொறுமொறுவென்று உடைந்தால் பயமில்லை. பளபளப்பாக, ஈரமாக, காலுக்கடியில் தளதளவென்று ஆடினால் அடியில் கருஞ்சேறு. முழங்கால் வரை இழுக்கும், செருப்பு திரும்பி வராது. அழுகிய முட்டை வாடை அடித்தாலே அந்தப் பக்கம் போகாதீர்கள். நீர் கிடைத்து இறங்கினாலும் காலில் கீறல் இருக்கக் கூடாது. கழுவ நல்ல தண்ணீர் கையோடு இருக்கட்டும். கோடையில் நீர் சிவப்பாகத் தெரிந்தால் மாசு என்று நினைக்க வேண்டாம். உப்பு ஏற ஏற துனாலியெல்லா என்ற பாசியும் உப்பில் வாழும் நுண்ணுயிர்களும் செய்கிற வேலை அது.

* * *

ஏரி வற்றியதற்கு, அதைக் குறுக்கே வெட்டும் மண்கரைச் சாலைதான் முழுக் காரணம் என்று அடிக்கடி கேட்கிறோம். பாதிதான் சரி. கரைக்கு நடுவே ஒன்றேகால் கிலோமீட்டர் அளவுக்குத்தான் பாலத் திறப்பு. ஜரீனே ரூத், சிமினே ரூத் போன்ற பெரிய ஆறுகள் தெற்கில் சேர்வதால் வடக்குப் பாதியில் உப்பு கூடுகிறது. இது கலப்பின் கோளாறு. சாலையை முழுதாகப் பெயர்த்தாலும் ஒரு குடம் நீர் கூட வராது.

கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. 1990களின் நடுவில் 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்த ஏரி இது, ஆனால் தட்டுப் போல ஆழம் குறைவு. மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கரை கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கும். ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் ஆவியாகிறது. 3,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு அதுவே 300 கோடி கனமீட்டர். வேறோர் ஆற்றுப் படுகையிலிருந்து கானி சிப் நீர்ச்சுரங்கம் வழியாகக் கொண்டுவரத் திட்டமிட்டது ஆண்டுக்கு 60 கோடி கனமீட்டர், அதே பரப்பில் 20 சென்டிமீட்டர். வறட்சி ஆண்டில் ஆறுகள் மெலியும்போது, இருப்பதையும் வயல் முதலில் எடுத்துக்கொள்கிறது.

* * *

சொட்டுநீர்ப் பாசனம் போட்டால் தீரும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாய்க்கால் பாசனத்தில் வயல் குடித்தது போக மீதி ஆற்றுக்கோ நிலத்தடிக்கோ திரும்பும். சொட்டுநீரில் அந்தத் திரும்புநீர் குறைகிறது. மிச்சமானதை வைத்துப் பக்கத்துத் தரிசிலும் மரம் நட்டால், பயிர் குடிக்கும் மொத்தம் கூடும். திராட்சையை எடுத்துவிட்டு ஆப்பிள் வைத்த தோட்டங்களில் தேவை ஏற்கெனவே ஏறிவிட்டது. குழாயோடு சேர்த்துச் சாகுபடிப் பரப்புக்கும் கிணற்றுக்கும் உச்சவரம்பு வைக்காத மானியம் ஏரிக்குச் செய்யும் கெடுதல்தான்.

கரையோரக் கிணறு உவர்ப்பாக இருந்தால் இன்னொரு சிக்கல். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் ஈரமாக்கும் வட்டத்தின் விளிம்பில் வெள்ளை வளையமாக உப்பு ஒதுங்கும். தூறல் போட்டதும் மோட்டாரை நிறுத்துவது வழக்கம், அங்கேதான் தவறு. சிறுமழை அந்த உப்பைக் கரைத்து வேருக்கு இழுத்துவிடும், இரண்டொரு நாளில் இலை நுனி கருகும். தூறும்போது சொட்டுநீரும் ஓட வேண்டும். வேரடி உப்பைக் கீழே தள்ளப் பயிர்த் தேவைக்கு மேல் 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக விட வேண்டும். ஆக, உவர்நீரில் “மிச்சம்” காகிதத்தில் காட்டுகிற அளவு வராது.

* * *

மேலே சொன்னதோடு இன்னொன்று. அணையிலிருந்து ஏரிக்கு விடுவது எப்போது என்பதும் முக்கியம். கோடையில் திறந்தால் வழியெங்கும் பம்புசெட் காத்திருக்கும். ஜரீனே ரூத் ஆற்றின் புக்கான் அணையிலிருந்து பயிரில்லாக் குளிர்காலத்தில் விட்டால்தான் பெரும்பகுதி கீழே இறங்கும். அப்போதும் முகத்துவாரம் தூர்ந்திருந்தால் நீர் உப்புத்தரையில் விரலளவு ஆழத்தில் பரவி, ஏரி உடலைத் தொடாமலே ஆவியாகும். அதற்காகத்தான் ஆற்று வாயைத் தூர்வாரி, சிமினே ரூத்தை ஜரீனே ரூத்தோடு இணைத்தார்கள். மீட்பின் இலக்கு மட்டம் கடலுக்கு மேல் 1,274.1 மீட்டர். ஆர்ட்டீமியா இறால் பிழைக்க உப்பு லிட்டருக்கு 240 கிராமைத் தாண்டக் கூடாது என்று வைத்து வந்த எண் அது. “இவ்வளவு திறந்தோம்” என்று யாராவது சொன்னால், அளந்தது மதகிலா, முகத்துவாரத்திலா என்று கேளுங்கள்.