பெங்களூரு ரேஸ் கோர்ஸில் பழைய ஆட்களிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது?

கிண்டிவாசி:
2024 செப்டம்பரில் கிண்டி மைதானத்துக்கு அரசு சீல் வைத்ததிலிருந்து ரேஸ் பார்க்க பெங்களூருதான் போகிறேன். கேலரியில் முப்பது நாற்பது வருஷமாக வருகிறவர்கள் இருக்கிறார்கள், தமிழ் பேசுகிறவர்களும் நிறைய. பெட் கட்டுவதைவிட அவர்களிடம் விஷயம் கற்றுக்கொள்ளத்தான் ஆசை. "எந்தக் குதிரை சார் வரும்?" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எப்படி ஆரம்பிப்பது?

பேடாக் பக்கம்:
அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். ராத்திரி உட்கார்ந்து குதிரைகளின் விவரம் போட்ட ரேஸ் புக்கைப் பார்த்து எடுத்த முடிவை முன்பின் தெரியாதவருக்கு யார் சும்மா கொடுப்பார்கள்? குதிரை வராவிட்டால் பழியும் அவர் தலையில்.

ஒரு ரேஸுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய அரை மணி நேரம் இருக்கும். முடிந்த உடனே பேசாதீர்கள், டிக்கெட் மாற்றப் போவார்கள். குதிரைகள் ஸ்டார்ட்டிங் கேட்டுக்குக் கிளம்பிவிட்டாலும் பேசாதீர்கள், கண்ணெல்லாம் போர்டில் ஏறி இறங்கும் பெட் ரேட்டில்தான் இருக்கும். நடுவில் சைஸ்கள் (குதிரையைப் பராமரிக்கிறவர்கள்) குதிரைகளைப் பேடாக்கில், அதாவது கம்பி போட்ட வளையத்தில், சுற்றி நடத்துகிற அந்தப் பத்து நிமிஷம்தான் நேரம். கம்பி ஓரமாக நின்று, கண்ணில் பட்டதைக் கேளுங்கள்: "நாலாம் நம்பருக்குப் பின்தொடை நடுவில நுரை கட்டியிருக்கே, எப்பவும் இப்படித்தானா ஐயா?" சில குதிரைக்கு அது வழக்கம், ஓட்டத்தைப் பாதிக்காது. வழக்கமில்லாத குதிரை வியர்த்தால் பதற்றத்திலேயே பாதி சக்தி போயிருக்கும். இந்த வித்தியாசம் புத்தகத்தில் கிடைக்காது. பல வருஷம் பார்த்தவருக்குத்தான் தெரியும், கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்.

அரைகிலோ:
முதல் நாளே ரேஸ் புக்கைப் படித்துவிட்டுப் போங்கள். ஹேண்டிகேப்பில், அதாவது நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றிச் சமன் செய்கிற ரேஸில், ஒரு ரேட்டிங் பாயிண்டுக்கு (குதிரையின் திறமைக்குத் தரும் மதிப்பெண்) அரை கிலோ. 60 ரேட்டிங் குதிரை 50 ரேட்டிங் குதிரையைவிட 5 கிலோ கூடுதலாகச் சுமக்கும். இதையே அவரிடம் கேட்டால் 'இவன் ஒண்ணும் படிக்காம வந்திருக்கான்' என்று பேச்சு முடிந்துவிடும்.

கேட்க வேண்டியது காலை ட்ராக் வொர்க், அதாவது பயிற்சி ஓட்டம் பற்றி. பேப்பரில் "600/38" என்று இருந்தால் கடைசி 600 மீட்டரை 38 விநாடியில் ஓடியிருக்கிறது. தானாக ஓடியதா, விரட்டி ஓட்டியதா? மேலே இருந்தது ஜாக்கியா, பயிற்சியில் ஓட்டுகிற ரைடிங் பாயா? விரட்டி எடுத்த 38-ஐவிடக் கையை அசைக்காமல் வந்த 40 மேல். காலையில் மைதானத்துக்குப் போகிறவர் மாட்டினால் ஒரு கேள்வி போதும், மீதியை அவரே பேசுவார்.

ஓல்டு கேலரி:
பழைய குதிரைகளைப் பற்றிக் கேளுங்கள், மனசு திறந்துவிடும். 19 ஓட்டத்தில் 18 ஜெயித்த ஸ்குவாண்டரர், 23-ல் 22 ஜெயித்த எலூசிவ் பிம்பர்னெல். ஜாக்கியாக இருந்த காலத்தில் பெசி ஷ்ராஃப் குதிரையைப் பிடித்து வைத்து எந்த இடத்தில் விடுவார் என்று கேட்டால் அடுத்த ரேஸ் வரை பேசுவார்கள்.

அவர் புக்கில் பேனாவால் போட்ட குறியை எட்டிப் பார்க்கக் கூடாது. எவ்வளவு கட்டினார், எவ்வளவு வந்தது என்று கேட்கவே கூடாது. முடிவு உறுதி என்று "ஆல் கிளியர்" சொல்லும் முன் வாழ்த்தாதீர்கள். அப்ஜெக்‌ஷன் (ஓட்டத்தில் தவறு நடந்ததாகப் புகார்) வந்தால் முதலில் வந்த குதிரையே கீழே போகலாம். தானாக வந்து தோளில் கைபோட்டு "ஷ்யூர் ஹார்ஸ் தம்பி" என்பவர் நீங்கள் தேடுகிற ஆள் இல்லை, நகர்ந்துவிடுங்கள்.

கிண்டிவாசி:
நன்றி அண்ணா. அவர் குதிரை தோற்றுப்போனால் என்ன பேசுவது?

பேடாக் பக்கம்:
ஆறுதல் வேண்டாம், ஓட்டத்தைப் பேசுங்கள். "கடைசி 400-ல உள்பக்கம் மாட்டிக்கிச்சு, வழியே கிடைக்கல இல்ல?" என்றால், ஜாக்கி எந்த இடத்தில் வெளியே எடுத்திருக்கணும் என்று கையால் வளைவு போட்டுக் காட்டுவார். வழி இருந்தும் தோற்றிருந்தால் இதைச் சொல்லாதீர்கள், ரேஸையே பார்க்கவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்.