ஸ்பிரிங் பிரேக்: மறக்க முடியாத பயணம் எது, நொந்துபோன பயணம் எது?

கேள்வி: மார்ச்சில் பிள்ளைகளுக்கு ஸ்பிரிங் பிரேக் லீவு, டாலஸிலிருந்து கிளம்புகிறோம், அம்மாவும் கூட வருகிறார். எங்கே போகலாம், எதைத் தவிர்க்கலாம்?

பதில் 1: ஆர்லாண்டோ தீம் பார்க் அந்த வாரம் வேண்டவே வேண்டாம். பல ஊர்களில் பள்ளி லீவு, கூட்டம் அம்முகிறது, வரிசை நகரவில்லை, சின்னவன் என் தோளிலேயே தூங்கிவிட்டான், செலவும் தாளவில்லை.

பதில் 2: எங்களுக்குப் பிடித்தது அரிசோனாவில் இருக்கும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு. தெற்கு விளிம்புக்கே போங்கள், வடக்கு விளிம்புச் சாலை அப்போது மூடியிருக்கும். சுமார் 7,000 அடி உயரம், மார்ச்சிலும் பனி கொட்டும், அம்மாவுக்குக் கம்பளிச் சாக்ஸ் கட்டாயம். செம்பாறை விளிம்பில் வெள்ளையாகப் பனி படிந்திருந்ததைப் பார்த்து மாமியார் அசந்துபோய் நின்றார்.

பதில் 3: செலவு கட்டுப்படி ஆகணும் என்றால் தலைநகர் வாஷிங்டன் டி.சி. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்குக் கட்டணமே கிடையாது, மாசக் கடைசி என்றால் செர்ரிப் பூவும் பார்க்கலாம்.