கடைசிப் பாட்டில் மட்டும் குரல் கிழிகிறது, மதுரையில் பார்க்க ஆள் வேண்டும்

அமெரிக்கப் பாடகர் டாம் வெயிட்ஸின் ‘ரெயின் டாக்ஸ்’ எல்பி (வினைல் இசைத்தட்டு). நியூயார்க்கில் ஒதுங்க இடமில்லாமல் திரிகிற ஆட்களைப் பற்றி 1985இல் வந்த ஆல்பம், 19 பாட்டு. முதல் பக்கத்தில் எட்டுப் பாட்டு வரை ஒரு குறையும் இல்லை. தட்டின் நடு லேபிளை ஒட்டி, அந்தப் பக்கத்தின் கடைசியாக, ஒன்பதாவதாக வரும் ‘டைம்’ தொடங்கியதும் ‘ஸ’ வருகிற இடமெல்லாம் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி பொரிகிறது, அக்கார்டியனும் சேர்ந்து இரைகிறது. அந்த மனுஷன் குரலே கரகரதான் என்று சொல்லிவிடாதீர்கள், போனில் இதே பாட்டு சுத்தமாக இருக்கிறது.

ரெக்கார்டு பிளேயர் பெல்ட்டில் சுற்றுகிற ரகம் (பெல்ட் டிரைவ்), செகண்ட்ஹேண்டில் வாங்கியது, கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்குகிற சின்னப் பெட்டி) மூவிங் மேக்னட் வகை, முனை கூம்பு முள். பொங்கலுக்குப் பிறகுதான் இந்தத் தொல்லை. இப்போது மற்ற ரெக்கார்டுகளிலும் உள்வட்டத்துக்கு வரும்போது லேசாகக் கேட்கிறது.

டிஸ்டில்டு வாட்டரில் தட்டைத் துடைத்தாயிற்று, முள்ளில் தூசியும் எடுத்தாயிற்று. தெற்காவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் மச்சானிடம் குட்டித் தராசு வாங்கி முள்ளின் அழுத்தம் பார்த்தேன், 2 கிராம், சரியாகத்தான் இருக்கிறது (எதை எடை போட்டேன் என்று அவனுக்கு இன்னும் புரியவில்லை). டவுன்ஹால் ரோட்டில் ஒருவர் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துவிட்டு, ஆம்ப் நன்றாக இருக்கிறது, முள் சமாச்சாரம் எனக்குத் தெரியாது என்றுவிட்டார். சென்னைக்கு அனுப்பலாம், ஆனால் பஸ் பார்சலில் டோன் ஆர்ம் (முள்ளைத் தாங்குகிற கை) முழுசாகப் போய்ச் சேருமா?

மிச்சம் இருப்பது முள் தேய்மானமும் கார்ட்ரிட்ஜ் கோணமும். மதுரையிலோ திண்டுக்கல், விருதுநகர் பக்கத்திலோ, முள்ளை லென்ஸ் வைத்துப் பார்த்து கார்ட்ரிட்ஜை அலைன் செய்து தருகிறவர் யாராவது தெரியுமா?