அக்கா மகளுக்கு குரூப் எடுக்கணும், கொஞ்சம் வழி சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, எங்க அக்கா மக அம்பாசமுத்திரத்துல பத்தாவது முடிச்சிருக்கா, கணக்குல 93. போன மாசம் வீட்டு கிரைண்டர் ஓடல, அவளே கழட்டி பெல்ட்டு அந்துபோனத பாத்து வேற வாங்கி மாட்டிட்டா. மெக்கானிக்கல் படிக்கணும்னு சின்னதுலேர்ந்தே சொல்லுவா, இப்ப திடீர்னு காமர்ஸ் போறேங்கா. ஏம்ளான்னு கேட்டா கூட்டாளிங்க நாலு பேரும் அங்கதான் சேருதாளுவளாம், கணக்கு குரூப்புல பையங்கதான் நிறைய, நீ மட்டும் ஒத்தையா உக்காருவியான்னு கேட்டாளுவளாம். எங்க அத்தான் வேற, பொட்டப்புள்ளைக்கு ஸ்பானர் எதுக்குங்காவ. அப்ளிகேஷன எடுத்துப் பாத்தேன், குரூப்பு எழுதுற கட்டத்துல பென்சில்ல எழுதி எழுதி அழிச்சு தாளே நைஞ்சு கெடக்கு. மனசு கேக்கல.

காமர்ஸ் மட்டம்னு சொல்லல, அவளுக்கே பிடிச்சு எடுத்தா சந்தோசமா சேத்து விடுவேன். சூரியன ஆராய இஸ்ரோ அனுப்புன ஆதித்யா எல்1 திட்டத்துக்கு இயக்குநரா இருந்த நிகர் ஷாஜி நம்ம செங்கோட்டைக்காரங்கதான், திருநெல்வேலி அரசு இன்ஜினியரிங் காலேஜுல படிச்சவங்க, அதச் சொன்னா "அவங்க எங்கயோ இருக்காங்க சித்தி"ங்கா.

அதனால கேக்கேன், மெக்கானிக்கல் படிச்ச பொம்பளைங்க யாராவது பாளையங்கோட்டை, தென்காசி பக்கம் இருந்தா அவகிட்ட பத்து நிமிசம் போன்ல பேச முடியுமா? கிளாஸ்ல ஒத்தையா இருந்தத எப்படி சமாளிச்சீங்கன்னு சொன்னாலே போதும். பாலிடெக்னிக் மூணு வருசம் முடிச்சிட்டு பி.இ. ரெண்டாம் வருசத்துல சேந்தவங்க இருந்தாலும் சொல்லுங்க. அத்தான்கிட்ட எப்படி பேச்செடுக்கன்னும் சொல்லுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள அப்ளிகேஷன் குடுக்கணும்.