புதுப்பிப்பு: மூன்று விளக்கு கன்ட்ரோலர்களும் இப்போது ஒரே பெட்டிக்குள்

கிறிஸ்துமஸ் விளக்குகளை வைஃபை வழியாக இயக்கும் மூன்று கன்ட்ரோலர்களையும் இரண்டு 12 வோல்ட் பவர் சப்ளைகளையும் வெளிச்சுவரில் ஒரே பெட்டிக்குள் வைக்கலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். வைத்துவிட்டேன், நன்றாக இயங்குகின்றன. இரும்புப் பெட்டி வைஃபை சிக்னலை மறைக்கும் என்று நீங்கள் எச்சரித்தபடியே பிளாஸ்டிக் பெட்டியை வாங்கினேன்.

தொல்லை மழையால் வரவில்லை, உள்ளிருந்த ஈரத்தால் வந்தது. முதல் வாரம் ஒரு காலையில் மூடியைத் திறந்தபோது அதன் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. ஒரு துளி ஃபியூஸின் விளிம்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பவர் சப்ளைகளால் இரவெல்லாம் சூடேறிய காற்று, விளக்குகள் அணைந்தபின் குளிர்ந்து, தன் ஈரத்தை மூடியில் விட்டிருக்கிறது. ஆகவே காற்றுப் புகாமல் அடைக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, அடிப்பக்கத்தில் வலையிட்ட இரு துளைகள் போட்டேன். ஒயர்கள் அனைத்தையும், வழியும் நீர் வெளியிலேயே சொட்டிவிடும்படி ஒரு வளைவு தொங்கவிட்டு, கீழிருந்தே உள்ளே கொண்டுவந்தேன். அதன்பின் மூடி காய்ந்தே இருக்கிறது.

வெப்பம் மேலே எழும் என்பதால் பவர் சப்ளைகள் மேல்வரிசையிலும் கன்ட்ரோலர்கள் கீழேயும் உள்ளன. மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பாதுகாப்புள்ள இணைப்பிலிருந்து மட்டுமே, தயவுசெய்து, மின்சாரம் எடுங்கள்.