அம்மாவிடம் சொல்லிக் கேட்பதா, டாக்டரிடமே விட்டுவிடுவதா?

கொள்ளிடக்கரையான்:
ஜெயங்கொண்டம் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு வயது 58. இடது மார்பில் இரண்டரை சென்டிமீட்டர் கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. தஞ்சாவூரில் காட்டுகிறோம். டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு இரண்டு வழி சொன்னார். ஒன்று, மார்பை முழுதாக எடுப்பது. இன்னொன்று, கட்டியை மட்டும் எடுத்துவிட்டு அப்புறம் மூன்று வாரம் கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சை) வைப்பது. "அம்மாவையும் கூட்டி வாருங்கள், பேசி முடிவெடுப்போம்" என்றார்.

அம்மாவிடம் நீர்க்கட்டி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். நாலாவது வரை படித்தவர். எது நல்லது என்று டாக்டர்தானே சொல்ல வேண்டும்? நானும் தங்கையும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறோம். திங்கட்கிழமை போக வேண்டும்.

பாலக்கரை பாஸ்கர்:
சொல்லாதீர்கள் தம்பி. என் அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். டாக்டர் பேப்பரில் படம் போட்டு எல்லாவற்றையும் அவரிடமே சொன்னார். கீமோ கொடுத்தால் இப்படி, கொடுக்காவிட்டால் இப்படி, உங்கள் விருப்பம் என்றார். அப்பா வேண்டாம் என்றார். அதுவரை தினமும் காலையில் பேப்பர் வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்து போனவர், மறுநாள் சட்டையே மாட்டவில்லை. கடைசி வரை ராத்திரியில் என்னை எழுப்பி, "நான் சொன்னது சரிதானாடா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல? நோயே ஒரு பாரம். முடிவையும் அவர் தலையில் ஏற்றுவது என்ன நியாயம்?

வார்டு சிஸ்டர்:
புற்றுநோய் வார்டில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். தம்பி, உங்கள் டாக்டர் தெரியாமல் கேட்கவில்லை. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற அறுவை மருத்துவர் தலைமையில் 1976-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று உண்டு. 1,851 பெண்கள். 20 வருட முடிவு 2002-இல் வந்தது. மார்பை முழுதாக எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் உயிர் பிழைத்ததில் வித்தியாசம் இல்லை. ஆனால் கட்டியை மட்டும் எடுத்து, கரண்டு வைக்காமல் விட்டவர்களில் 100-க்கு 39 பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது. வைத்தவர்களில் 14 பேருக்கு. இன்றைய மருந்துகளோடு இரண்டுமே குறைந்திருக்கிறது. என்றாலும், மார்பை விட்டுவைத்தால் கரண்டு வைத்தாக வேண்டும் என்பதில் பொதுவாக மாற்றம் இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள்.

அம்மா தினமும் பஸ்ஸில் வந்து போவாரா, வீட்டில் மாடு கன்று இருந்தால் யார் பார்ப்பது, மார்பு இல்லாமல் இருப்பது அவர் மனதுக்கு எவ்வளவு பெரிது, இதையெல்லாம் டாக்டர் எந்தப் புத்தகத்தில் பார்ப்பார்? அம்மாவைத்தான் கேட்க வேண்டும். (அக்குள் நெறிகட்டியில் பரவியிருந்தால் முழுதாக எடுத்த பிறகும் கரண்டு தேவைப்படலாம். அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

கையெழுத்து விஷயம். மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய தாயாரின் சம்மதத்தோடு டாக்டர் கர்ப்பப்பையை எடுத்த வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுயநினைவோடு இருக்கும் உங்கள் அம்மாவுக்கு நீங்கள் எப்படிப் போடுவீர்கள்?

மறைக்கவும் முடியாது. கரண்டு அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வியே "உங்களுக்கு எந்த இடத்துல?" என்பதுதான்.

பாலக்கரை பாஸ்கர்:
சட்டம் இருக்கட்டும் சிஸ்டர். ஓபியில் வரிசை கதவுக்கு வெளியே நிற்கிறது. அந்த நெரிசலில் ஐந்து நிமிஷம் பேசுவது கலந்து முடிவெடுப்பதா? பொறுப்பைக் கைமாற்றிவிடுவது. அப்பாவுக்கு அதுதான் நடந்தது.

தேன்மொழி:
எனக்கும் மார்பில்தான். 2016-இல் முழுதாக எடுத்தார்கள். வீட்டுக்காரரும் என் அண்ணனும் டாக்டரிடம் பேசி முடித்துவிட்டு வந்து, "சின்ன ஆபரேஷன்" என்றார்கள். கட்டு பிரித்த அன்றுதான் எனக்கு முழுதாகத் தெரியும். ஜாக்கெட்டில் ஒரு பக்கம் துணியை மடித்து வைத்துத் தைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

என்னைக் கேட்டிருந்தால் நானும் முழுதாக எடுக்கத்தான் சொல்லியிருப்பேன். ஆகவே முடிவில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அடுத்த செக்கப்பில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னபோது நான் நம்பவில்லை. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கல் கடைக்காரரிடம் போய்ப் படிக்கச் சொன்னேன். இன்றும் அப்படித்தான். தம்பி, உங்கள் அம்மா உங்களை அப்படிச் சந்தேகப்பட வேண்டாம்.

வார்டு சிஸ்டர்:
பாஸ்கர் அண்ணே, உங்கள் அப்பாவுக்கு நடந்தது தப்புதான். இரண்டையும் சொல்லிவிட்டு "உங்கள் இஷ்டம்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிடுவதை நானும் பார்த்திருக்கிறேன், கோபம் வரும். நான் இதைச் சிபாரிசு செய்கிறேன், காரணம் இது என்று டாக்டர் தன் கருத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வார்டில் விவரம் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: "எல்லாத்தையும் உங்ககிட்டச் சொல்லட்டுமா, வீட்டுல யார்கிட்டயாவது சொல்லட்டுமா?" சிலர், "எம் மவன்கிட்டச் சொல்லுங்க சிஸ்டர், எனக்கு வேணாம்" என்பார்கள். சரி, அப்படியே செய்வோம். அவரே சொன்னதுதானே அது.

பாலக்கரை பாஸ்கர்:
அப்பாவிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னைக் கைகாட்டியிருப்பார். ஆனாலும் எல்லாருக்கும் இது தாங்காது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். தம்பி, சொல்வதாக இருந்தால் ராத்திரியில் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டுக் கிளம்பியும் போகாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள்.

கொள்ளிடக்கரையான்:
இன்று காலை களத்தில் அம்மா கடலை காயவைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். சிஸ்டர் சொன்ன மாதிரியே முதலில் கேட்டேன். "சொல்லு" என்றார். கடலையைத் துழாவுவதை நிறுத்தவில்லை. அழுதது நான்தான். எல்லாம் கேட்டுவிட்டு, மூன்று வாரமும் தினம் போய் வர வேண்டுமா, அங்கேயே தங்க முடியுமா என்று கேட்டார். அது எனக்குத் தெரியவில்லை. தங்கையை வரச் சொல்லியிருக்கிறேன். சிஸ்டர், தங்குவது பற்றி யாரைக் கேட்பது?

வார்டு சிஸ்டர்:
கரண்டு பிரிவிலேயே கேளுங்கள் தம்பி. தூரத்திலிருந்து வருபவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் ஆதாரும் கொண்டு போங்கள். அந்தக் கேள்வியை அம்மாவே டாக்டரிடம் கேட்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.