இரணியூர் விட்டுப்போயிற்று

உமையாள்: வெள்ளிக்கிழமை பல்லவன் ரயிலில் புறப்படுகிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆத்தாவுக்குத்தான். நம் நகரத்தாரின் ஒன்பது கோயிலையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள். இருவருக்கும் சேர்த்து 3,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன்.

சொக்கலிங்கம்: போதாது. கார் நான் பேசிவிடுகிறேன்.

உமையாள்: வேண்டாம் அண்ணன். என் செலவில் அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டேன்.

மீனாள்: வளவு வீட்டார் எல்லோரிடமும் ஆத்தா சொல்லியாகிவிட்டது, "சின்ன மகள் கூட்டிப் போகிறாள்" என்று. போன முறை பேசிய காரின் கணக்கு தீபாவளி வரை வந்ததே, நினைவிருக்கிறதா?

சொக்கலிங்கம்: அது இப்போது எதற்கு?

பழனியப்பன்: குன்றக்குடி உண்டா?

மீனாள்: சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறாய். ஆத்தா முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் முகப்புப் படியே இறங்குகிறார்கள். மலை ஏறுவார்களா?

நாச்சியப்பன் அம்மான்: அம்மா உமையாள், இரண்டு நாளில் முடியும். ஆனால் வரிசை தப்பினால் மதியம் பூட்டிய கோயில் வாசலில் வெயிலில் உட்கார வேண்டும். நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள். ஆகவே சனிக்கிழமை விடியலிலேயே பிள்ளையார்பட்டிக்குப் போய்விடுங்கள். கற்பக விநாயகர் குடைவரைக்குள் பாறையிலேயே செதுக்கிய திருமேனி. வடக்கு நோக்கி, இரண்டே கைகளும் வலம்புரித் துதிக்கையுமாக இருப்பார். கூட்டம் சேரும் முன்னால் போனால்தான் ஆச்சி (என் அக்கா, உங்கள் ஆத்தா) நிதானமாக நின்று பார்க்க முடியும். அடுத்து வைரவன்பட்டி, அங்கிருந்து பக்கம்தான். இளையாற்றங்குடியும் நேமமும் அன்றைக்கே. ஞாயிற்றுக்கிழமை மாத்தூர், இலுப்பைக்குடி, இரண்டும் அடுத்தடுத்து. பிறகு சூரக்குடி, வேலங்குடி. சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அது ஓடும் தடத்தில் அதிலேயே போங்கள். மற்ற இடத்துக்கு மட்டும் ஆட்டோ பேசினால் 3,000 தாராளம். ஒரு தூக்கில் புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள்.

பழனியப்பன்: தூக்கு என்றதும் கேட்கிறேன். ஐயா பெயர் வெட்டிய பெரிய தூக்கு யாரிடம் இருக்கிறது?

மீனாள்: என்னிடம் இல்லை.

சொக்கலிங்கம்: என்னிடமும் இல்லை.

பழனியப்பன்: மதுரைக்கு எடுத்துப் போனதை நான் பார்த்தேன் அண்ணன்.

சொக்கலிங்கம்: அது சம்புடம்.

மீனாள்: அம்மான், எண்ணிப் பார்த்தேன். எட்டுதான் வருகிறது.

பழனியப்பன்: இரணியூர் விட்டுப்போயிற்று.

சொக்கலிங்கம்: தம்பி, விடு.

உமையாள்: விட முடியாது அண்ணன். ஆத்தா முதலில் கேட்டதே இரணியூர்தான். அவர்கள் பிறந்த வீட்டாரின் கோயில். கல்யாணத்துக்கு அங்கிருந்து ஒரு மாலை, இளையாற்றங்குடியிலிருந்து ஒரு மாலை வந்தது. அன்றோடு நம் இளையாற்றங்குடிக் கோயிலைச் சேர்ந்தவர்கள் ஆகிவிட்டார்கள். ஐயாவின் வீட்டை விற்ற பிறகு இந்தப் பதினொரு வருடமாக அந்தப் பக்கமே போகவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை அம்மான். நேற்று போனில் அங்குள்ள சுவாமி ஆட்கொண்டநாதர், அம்மன் சிவபுரந்தேவி என்று சொல்லச் சொல்ல அவர்களுக்குக் குரல் கம்மிவிட்டது.

மீனாள்: வீடு விற்றதில் பேச வேண்டியவை நிறைய இருக்கின்றன.

சொக்கலிங்கம்: இங்கே வேண்டாம் மீனாள்.

பழனியப்பன்: சனிக்கிழமை மழை வருமாமே?

உமையாள்: குடை எடுத்துக்கொள்கிறோம்.

நாச்சியப்பன் அம்மான்: மறந்துபோய் விடவில்லை, உமையாள். எழுதக் கை வரவில்லை. சிவபுரந்தேவி சந்நிதிக்கு முன்னால் நவதுர்க்கைச் சிற்பங்கள் இருக்கும். எனக்கு ஐந்து வயதிருக்கும்போது ஆச்சி என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு துர்க்கையின் கைகளை எண்ணச் சொல்வார்கள். எனக்கு ஆறு வரைதான் எண்ணத் தெரியும். ஆறில் நிறுத்திவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். ஆச்சியின் இடுப்பு வலித்திருக்கும். ஒரு நாளும் பாதியில் இறக்கிவிட்டதில்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய என் விரலைத் தன் முந்தானையில்தான் துடைத்துவிடுவார்கள்.

உமையாள்: அம்மான்

நாச்சியப்பன் அம்மான்: சனிக்கிழமை நேமத்துக்கு முன்னால் இரணியூரைச் சேர்த்துக்கொள். நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும். நான் அங்கே வந்து நிற்கலாமா என்று ஆச்சியிடம் கேட்டுச் சொல்.

மீனாள்: தூங்கிவிட்டார்கள். காலையில் கேட்கிறேன்.

உமையாள்: நான் வந்து நேரில் கேட்கட்டுமா, மீனாள் ஆச்சி?

மீனாள்: நீ வரும் வரை எனக்குப் பொறுக்காது. காப்பி கொடுக்கும்போது கேட்டுவிடுவேன்.

சொக்கலிங்கம்: அம்மான் வருவதாக இருந்தால் ஆட்டோவில் எப்படி உட்காருவீர்கள்? கார் வேண்டுமா, வேண்டாமா?

பழனியப்பன்: தூக்கையும் அதிலேயே வைத்து அனுப்புங்கள் அண்ணன்.